மைக்செட் அண்ணாச்சி வீட்டுப் பிரசவம்

மைக்செட் அண்ணாச்சி கோவில்பட்டியில் தும்மினால் பல மைல் தள்ளி இடைசெவலில் இருப்பவர்கள் 'நூறு ஆயுசு' என்பார்கள். மிகை என்று நினைப்பவர்கள், அவர் கடைக்கு எதிர்வீட்டில் நாலு வருஷம் குடியிருந்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். நான் இருந்திருக்கிறேன். அதுவும் பரீட்சைத் தாள் திருத்துகிற பிழைப்போடு.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அம்மன் கொடை, எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். முப்பது வருஷமாகக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று பேசியதில், மனிதர்கள் எல்லாரும் அரை மைல் தள்ளி நிற்கிறார்கள் என்ற எண்ணம் அவருக்குள் உறைந்துவிட்டது. ஒருமுறை காய்கறிக் கடையில் என் பக்கம் குனிந்து, "டீச்சரம்மா, ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொல்ல மாட்டோம் என்று தலையாட்டினார்கள்.

தினமும் காலை ஆறு மணிக்கு, கடையும் வீடுமாக இருந்த கட்டிடத்தின் மாடியில் இருக்கும் குழாயைச் சோதித்துப் பார்ப்பார். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. கண்ணில் படுவதையெல்லாம் சேர்த்துக்கொள்வார். "ஹலோ, டீச்சரம்மா வீட்டு அடுப்புல பால் பொங்குது. டீச்சரம்மா எங்க இருந்தாலும் உடனே அடுப்பாங்கரைக்கு வரவும்." நான் குளித்துக்கொண்டிருப்பதாக அவர் மனைவி, அதாவது எங்கள் தெருவுக்கே மதினி, கீழேயிருந்து சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அறிவிப்பில் அதுவும் வந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மைக் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதினேன். தெருவில் கையெழுத்து வாங்கப் போகலாம் என்று மறுநாள் கிளம்புகிறேன், குழாய் பேசுகிறது. "நம்ம தெருவுல மைக் சத்தம் ஜாஸ்தின்னு டீச்சரம்மா மனு எழுதியிருக்காவ. கையெழுத்துப் போடுதவுக எட்டு மணிக்குள்ள போட்டிருங்க. பெறகு அவிய பள்ளிக்கூடம் போயிருவாவ." முதல் கையெழுத்தும் அவரே வந்து போட்டார். "நியாயம்னா நியாயந்தான, டீச்சரம்மா" என்றார். இப்படிப்பட்ட எதிரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

குழாயை அவர் இறக்கவில்லை. தெருவைப் பார்த்திருந்ததைக் கரிசல் காட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார். எங்கள் தெரு ஊர்க்கோடியில் இருந்தது. அதற்கப்புறம் உளுந்தும் பருத்தியும்தான். அன்று முதல் என் வீட்டில் பால் பொங்குவது, காட்டில் களை எடுப்பவர்களுக்கும் தெரிய ஆரம்பித்தது.

இந்த மனிதர் வீட்டுக்குத்தான் ராணி வந்து சேர்ந்தாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு கூண்டோடு இறங்கினாள். உள்ளே இரண்டு கினி பிக். முயலாகப் பிறக்கக் கிளம்பி, பாதி வழியில் பெருச்சாளியாகி, வாலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தன. வெள்ளையும் பழுப்புமாக இருந்தவள் ராணி. ஒரு வருஷத்துக்கும் மேலாக மகளிடம் தனியாக வளர்ந்தவள். கறுப்பாக இருந்தது, துணைக்கென்று அந்த வாரம் வாங்கிய ராசாத்தி. இரண்டும் பெண்தான் என்று விற்றவர் சொன்னாராம். வாடகை வீட்டில் பிராணிகள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று மகள் விட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் அண்ணாச்சி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்து பையைப் பிரித்தார். பை சரசரத்ததுதான் தாமதம், கூண்டுக்குள்ளிருந்து ராணி 'வீக்! வீக்! வீக்!' என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், அண்ணாச்சி கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"ஏட்டி, கேட்டியா? என்னா ட்ரெபிள்! எந்த ஆம்ப்ளிஃபயர்லயும் இந்தச் சுத்தம் வராது!"

தனக்குச் சமமாகக் குரல் கொடுக்க ஒரு ஜீவன் வீட்டுக்கு வந்துவிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலைச் சோதனையில் ராணியையும் பேசவைத்தார். களை எடுப்பவர்கள் அதை என்னவென்று நினைத்தார்களோ, தெரியாது.

ஐந்தாறு வாரம் போனது. ராணி அடிப்பக்கம் பெருத்த சுரைக்காய் மாதிரி ஆகிவிட்டாள். ஒரு சாயங்காலம் அவளை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி என் வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, நீங்க விலங்கியல் டீச்சர்தான? இவ வயித்துக்குள்ள என்னமோ ஓடுது. கைய வச்சுப் பாருங்க."

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும், "இது ஈஸிதான், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். இருபது வருஷமாக நான் ஏமாற்றிய பாடம் அன்றைக்குக் கூடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குட்டி உதை விழுந்தது.

"அண்ணாச்சி, இவ மாசமா இருக்கா."

"ரெண்டும் பொம்பளைல்லா?"

எல்லாரும் போய் ராசாத்தியைப் பார்த்தோம். ஒன்றும் அறியாதவள் மாதிரி அறுகம்புல் தின்றுகொண்டிருந்தான்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா பசுவும் ஆடும் பார்த்துப் பழகியவர். ஆனாலும் ராணியை வெகு கவனமாகச் சோதித்தார். வயதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"இதுகளுக்கு மொதப் பிரசவம் எட்டு மாசத்துக்குள்ள ஆகணும். தாண்டிட்டா இடுப்பெலும்பு இறுகிப்போகும். குட்டி வார நேரத்துல எலும்பு விலகிக் கொடுக்கலைன்னா திருநெல்வேலிக்குக் கொண்டுபோயி ஆபரேசன்தான். அதுலயும் பொழைக்கது கஷ்டம்."

அண்ணாச்சி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். கர்ப்பம் மொத்தம் ரெண்டு மாசத்துக்குச் சற்று மேலே. எழுபது நாள்கூட ஆகலாம். பச்சைப் புல் எந்நேரமும் வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் கொத்தமல்லியும் கொடுக்க வேண்டும். தீனியை மறுத்தால் உடனே தூக்கி வர வேண்டும். ராசாத்தியை வேறு கூண்டில் போட வேண்டும், இல்லையென்றால் பெற்ற அன்றைக்கே மறுபடியும் சினையாகிவிடுவாள். இதைக் கேட்டு மதினி அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார், ராசாத்தி செய்ததற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு என்பது மாதிரி.

"கடைசி வாரத்துல தினம் ஒரு தடவை, நின்ன வாக்குலயே அடியில விரல் வச்சுப் பாருங்க. இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் நுழைஞ்சா ரெண்டு நாள்ல பெத்துருவா. மத்தபடி தூக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. முக்கியமா, சத்தமே ஆகாது."

"சரிங்க டாக்டரம்மா!" என்றார் அண்ணாச்சி. ராணி துள்ளி விழுந்து கூடை மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ராணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க என்ன தொழில் பாக்குதீங்க?"

மைக்செட் அண்ணாச்சி ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மாடிக்கு ஏறிக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பியது. "நம்ம ராணி மாசமா இருக்கா! அதனால தெருவுல யாரும் சத்தம் போட வேண்டாம்! மறுபடியும் சொல்லுதேன், யாரும் சத்தம் போட வேண்டாம்!" மூன்று தடவை சொல்லிவிட்டுக் கீழே வந்து பார்த்தால் ராணி வைக்கோலுக்கு அடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். திரும்ப மாடிக்குப் போய் ஓசைப்படாமல் குழாயைக் காட்டுப்பக்கம் திருப்பினார். கையிலிருந்த வேலைகளையெல்லாம் புதூர் மைக்செட்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார். அதோடு நாலு வாரம் அந்தக் குழாய் வாய் திறக்கவில்லை.

குழாய் அடங்கிவிட்டது, வாய் அடங்க வேண்டுமே! கிசுகிசுக்கிற பழக்கம் பிறந்ததிலிருந்தே இல்லாதவர். அவர் மெதுவாகப் பேச முயன்றால் லாரி டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது. வீட்டில் குக்கருக்குத் தடை. மிக்ஸி என் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடுகு வெடிக்கும் என்று மதினி தாளிப்பதைக்கூடக் கொல்லையில் வைத்துக்கொண்டார். சிலிண்டர் கொண்டுவருபவர் உருட்டினால் சத்தம் வரும் என்று அண்ணாச்சியே தெருமுனையிலிருந்து தோளில் சுமந்து வந்தார். பழ வண்டிக்காரர் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிடுகிறவர். எங்கள் தெருவைக் கடக்கும்வரை அதை அணைத்துவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி தலைகுனிந்து போனார்.

எனக்குக் கனவு கண்ட அமைதி கிடைத்தது. பத்தே நாளில், மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "ஆறு மணி ஆனதே தெரியல டீச்சர். பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகுது." அவர்களைச் சொல்லி என்ன? நானும் அந்த வாரம் இரண்டு நாள் லேட். பாலும் பொங்கி வழிந்திருந்தது.

கோடையில் கரிசலில் பச்சைப் புல் தேடுவது லேசான வேலையில்லை. மோட்டார்க் கிணறு இருந்த சில உளுந்து வயல்கள் தவிர காடு பிளந்து கிடந்தது. அண்ணாச்சி பைக்கில் அலைந்து, மோட்டார் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வரப்புகளையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆடு மேய்ப்பவர்கள் அவரைப் போட்டிக்காரராகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசி வாரத்தில் விரல் வைத்துப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணாச்சிக்குத் தைரியம் வரவில்லை. மதினி, "படிச்சவுக நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். நான் எந்த லட்சணத்தில் படித்தவள் என்று அவருக்குத் தெரியாது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கழுவி, கண்ணை மூடிக்கொண்டு ராணிக்கு அடியில் விரலை நீட்டுவேன்.

"விலகிருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. ஒட்டித்தான் இருக்கு."

ராணி வந்து அறுபது நாள், அறுபத்திரண்டு, அறுபத்து நாலு. அவர் எதிரிலேயே உட்கார்ந்து காலண்டரைப் பார்ப்பார். எனக்கும் தூக்கம் போய்விட்டது. இவ்வளவு பெரிய மனிதர் ஒரு முழ நீளம்கூட இல்லாத ஜீவனுக்காக இப்படி உருகுகிறாரே என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எம் மக பொறந்தப்போ நான் குளத்தூர்ல கொடைக்குக் குழா கட்டிக்கிட்டிருந்தேன். ஒங்க மதினிக்கு வலி வந்துட்டுன்னு ஆள் விட்டிருக்காவ. அவன் பந்தலுக்கு வெளிய நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கான். நான் போட்ட பாட்டுச் சத்தத்துல எனக்கே கேக்கல. நான் வந்து பாக்கும்போது பிள்ளைக்கு ஒருநா ஆயிட்டு. இந்தத் தடவையாவது காதுல விழணும், டீச்சரம்மா."

அவர் வாழ்க்கையில் உண்மையாகவே மெதுவாகச் சொன்னது அது ஒன்றுதான்.

காதில் விழ வேண்டும் என்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அவருக்கே உரியது. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கைக் கூண்டுக் கம்பியில் கட்டினார். ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போனைச் சொருகி, நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹெட்போன் சொருகியிருக்கிறவரை மாடிக் குழாய் ஊமை. பிடுங்கினால் சத்தம் குழாய்க்குப் போகும். எல்லாம் அவர் செய்த வயரிங். "இப்ப புல்லு கடிக்கா... இப்ப தண்ணி குடிக்கா... உள்ள ஒருத்தன் உருளுதான்" என்று நேர்முக வர்ணனை வேறு, டயர்க் காற்றுக் குரலில்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது.

"விலகிருச்சு! அண்ணாச்சி, விலகிருச்சு!"

நாலு வாரமாக ஊசி விழும் சத்தம்கூடக் கேட்காத தெருவில் அந்தக் கூச்சல் போட்டது, மனு எழுதின மகராசி நான்தான். "ஷ்ஷ்ஷ்!" என்று மதினி என் வாயைப் பொத்தினார். அண்ணாச்சி சத்தமே வராமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராணி காலையிலிருந்து கொத்தமல்லியை மட்டும் கொறித்தாள், பழைய புல்லைத் தொடவில்லை. புதிதாகக் கொஞ்சம் அறுத்துக்கொண்டு வந்தால் தின்பாளோ என்று அண்ணாச்சி தவித்தார், ஆனால் எழுந்திருக்க மனமில்லை. நான்தான், "இன்னும் நேரமிருக்கு. சாயங்காலம் ஆகும். பக்கத்து வரப்புதானே, போயிட்டு வாங்க" என்றேன். எந்தப் பாடத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். அவர் ஹெட்போனை மதினியின் தலையில் மாட்டிவிட்டு, அரிவாளோடு காட்டுக்கு நடந்தார்.

அவர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ராணிக்கு விக்கல் வந்த மாதிரி உடம்பு உதறியது. முதுகைக் கூனித் தலையை வயிற்றுக்குக் கீழே கொண்டுபோனாள்.

"டீச்சர், இவளுக்கு வலி வந்துட்டு! இவியளக் கூப்பிடுங்க!" என்று மதினி ஹெட்போனோடு எழுந்து வாசலுக்கு ஓடினார். வயர் அவரோடு வர மறுத்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து டப்பென்று பிடுங்கிக்கொண்டது.

நாலு வாரம் மூடியிருந்த குழாய் வாயைத் திறந்தது. 'க்ர்ர்... க்ர்ர்...' என்று ராணி முக்குகிற சத்தம் உளுந்துக் காடு முழுக்கப் பரவியது. பின்னாலேயே 'வீஈஈக்!' என்று ஒரு வீறல். ஆம்ப்ளிஃபயரை அணைக்க ஓடிய மதினியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். குழாய் காட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது? ராணிக்கோ அந்த வேளையில் உலகமே காதில் விழவில்லை.

வரப்பில் குனிந்திருந்த மைக்செட் அண்ணாச்சிக்கு விழுந்தது. புல்லைப் போட்டுவிட்டு, செருப்பைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வாசலில் நுழையும்போது முதல் குட்டி கண்ணைத் திறந்துகொண்டு, முழு ரோமத்தோடு, ஏதோ வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது மாதிரி நின்றிருந்தது. இரண்டாவது அவர் கண்ணெதிரிலேயே வந்தது. மூன்றாவதும் வந்தது. அது அசையவில்லை.

ராணி சோர்ந்துபோயிருந்தாள். குட்டி மேல் இருந்த சவ்வை நக்கி எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. அண்ணாச்சி மைக் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்தார். விரல் வைத்துப் பார்க்கத் தைரியம் வராதவர்தான், ஆனாலும் எடுத்தார். மூக்கைத் துடைத்து, முதுகை மெல்லத் தேய்த்தார். "பேசு தாயி. ஒரு சொல்லு பேசு. ஹலோ... ஹலோ..."

'வீக்' என்றது குட்டி. குழாய் வழியாக அது வெகுதூரம் போயிருக்கும்.

அண்ணாச்சி அழுதார். ஓசை வராமல் அழவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சற்று நேரத்தில் வாசலில் கூட்டம். களை எடுத்த பெண்கள் களைக்கொட்டும் கையுமாக ஓடி வந்திருந்தார்கள். "யாருக்கு அண்ணாச்சி பிரசவம்? குழாயில பச்சப்பிள்ளை சத்தம் கேட்டுச்சே!" கூண்டை எட்டிப் பார்த்த ஒரு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மடியில் இருந்த கீரையை எடுத்து, "பெத்தவளுக்குக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். "டீச்சரம்மா, காட்டுப்பக்கமாத்தான் வைக்கேன். ஒரே ஒரு தடவை சொல்லிக்கிடட்டுமா?"

"நல்லா சத்தமாவே சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஹலோ! நம்ம ராணிக்கு மூணு பிள்ளை! தாயும் பிள்ளைகளும் சௌக்கியம்! பேரு ஒன், டூ, த்ரீ!"

எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தபோது, பாய்ந்து வந்து விரலைக் கடிக்கிற டூவையும், மூக்கைத் துடைத்துப் பிழைக்கவைத்த த்ரீயையும் கூண்டோடு கொடுத்தனுப்பினார். இரண்டும் பெண்தான். டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை காட்டி உறுதி செய்துகொண்டேன். இனப்பெருக்கப் பாடத்தை இப்போதெல்லாம் நான் தாவுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் த்ரீயோடு பேசுவதற்காக அண்ணாச்சி கூப்பிடுவார். போனை ஹாலில் வைத்துவிட்டு அடுப்பாங்கரையில் நின்றாலே போதும், ஒரு சொல் தப்பாமல் கேட்கும். பத்து மணி தாண்டியும் கூப்பிடவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மனு எழுதின இந்தக் கையாலேயே போனை எடுத்து, "என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்?" என்று கேட்கிறேன்.